மில்லுக்காரர் சுவரில் ஓடிய ஆறு

எங்கள் தெருவில் எல்லோரும் ஒரு பக்கமாகவே நடப்போம். என் வீட்டுப் பக்கமாக. எதிரே இருக்கும் மாவு மில்லுக்காரர் வீட்டுச் சுவர் எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது, அதுதான் காரணம். பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். மணி அடிக்க மாட்டார், அந்தச் சத்தத்துக்கே விழுந்து வைத்தால் என்ன செய்வது. தும்மல் வந்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை ஓடிப் போய்த் தும்மிவிட்டு வருவார்கள். ஊரே என் வாசற்படியை உரசிக்கொண்டு போவதில் எனக்கு ஒரு வசதி இருந்ததை மறைப்பானேன். யார் யாரோடு என்ன பேசிக்கொண்டு போகிறார்கள் என்று நான் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, உட்கார்ந்த இடத்துக்கே எல்லாம் வந்து சேரும். ஆனால் அடிவயிற்றில் ஒரு கணக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். சுவர் உள்பக்கம் விழுந்தால் மில்லுக்காரர் குடும்பம். வெளிப்பக்கம் விழுந்தால் என் வாசல்.

அதைக் கட்டியது வெளியாள் இல்லை. மில்லுக்காரர் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. கொத்தனார். ஊரில் அவனைக் குண்டு என்றுதான் கூப்பிடுவோம், ஆள் ஒல்லி. சுவர் நேராக எழும்புகிறதா என்று நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பார்களே, அந்தத் தூக்குக்குண்டு எப்போதும் அவன் இடுப்பில் ஆடிக்கொண்டிருக்கும். இடுப்பில்தான் ஆடும். எந்தச் சுவரிலும் அதைத் தொங்கவிட்டு நாங்கள் பார்த்ததில்லை. கண்பார்வையே போதும் என்பது அவன் கட்சி. அக்கா வீடுதானே என்ற உரிமையில், கம்பி போடாமல், சிமெண்டைக் காட்டிவிட்டு மணலைப் போட்டு, கண்பார்வையிலேயே அந்தச் சுவரை ஏற்றிவிட்டான். அதை ஒட்டித்தான் மில்லின் மோட்டார். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் சுவருக்குக் குளிர்ஜுரம் கண்டது. மேல் மூலையில் தலைமுடி போல ஒரு விரிசல் விழுந்து, கீழே இறங்கி, வளைந்து, சாவகாசமாக நடுச்சுவரைக் கடந்து, மறுபடி இறங்கித் தரையைத் தொட்டது.

மில்லுக்காரர் மனைவி அந்தச் சுவரின் உள்பக்கம் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்திருப்பாள். தண்ணீர் மேல் நடுக்கம் தெரிந்தால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக ஓட வேண்டும் என்று ஏற்பாடு. மோட்டார் ஓடும்போது நடுங்கினால் கணக்கில்லை. மோட்டார் நின்ற பிறகும் நடுங்கினால் கணக்கு. சமையல் செய்துகொண்டே அந்த டம்ளரைப் பார்த்துப் பார்த்து அவளுக்குக் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிப்போய்விட்டது. கடைசியில் மில்லுக்காரர் மனதைத் தேற்றிக்கொண்டு செங்கல் இறக்கினார். திங்கட்கிழமை சுவரை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை வேன் வந்தது.

எங்களைப் பள்ளிக்கூடத்து ஹாலில் குழந்தைகள் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முழங்கால் தாடையில் இடித்தது. பின்னால் ஊர்மரபுக் கலை வாரியம் என்று துணி கட்டியிருந்தது. இயக்குநர் ஒரு பெண்மணி. உடன் வந்தவர்கள் மேடம் என்றார்கள், நாங்களும் மேடம் என்றோம். தேன் போன்ற குரல். அந்தக் குரலில் எதைச் சொன்னாலும் முதலில் தலையாட்டிவிடுவோம், வீட்டுக்குப் போன பிறகுதான் எதற்குத் தலையாட்டினோம் என்று உறைக்கும். இந்த ஊரின் மரபை ஊர்மக்களே வாய்திறந்து சொல்ல வேண்டும், அதைத் தன்னுடன் வந்திருக்கும் ஓவியர் ஊர்ச்சுவரில் வரைவார், உலகமே வந்து பார்க்கும் என்று சொல்லிவிட்டு, சொல்லுங்கள் என்று உட்கார்ந்தார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நெடுஞ்சாலை போட வந்த கூலியாட்கள் திரும்பிப் போகச் சோம்பல்பட்டுத் தங்கிவிட்டதால் உண்டான ஊர் இது. மரபுக்கு எங்கே போவது. டீக்கடைக்காரர் துணிந்து எழுந்து, ஒரு தடவை ஒரு பெரிய மனிதருடைய கார் இங்கே பஞ்சராகி, அவர் தன் கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்ததைச் சொன்னார். டீ குடித்தாரா என்று மேடம் கேட்டார். இல்லை, தண்ணீர் மட்டும்தான் என்றார் டீக்கடைக்காரர். அத்தோடு ஊர் வரலாறு முடிந்துவிட்டது.

மேடம் சிரித்த முகமாகவே எழுந்து சொன்னார்:

"மரபு இல்லாத ஊர்னு ஒண்ணு கிடையவே கிடையாது. கண்டுபிடிக்காத ஊர்தான் இருக்கு. எங்களுக்கு இந்த மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க. அதுக்குள்ள உங்க மரபு என்னன்னு நாங்க முடிவு பண்ணிடுவோம். நீங்க யாரும் பயப்படாதீங்க."

அதுவரைக்கும் நாங்கள் பயப்படவில்லை.

அப்புறம் தெருத் தெருவாக நடந்தார்கள். நாங்களும் பின்னாலேயே போனோம். எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் மொத்தக் கூட்டமும் சொல்லி வைத்தாற்போல என் வீட்டுப் பக்கம் ஒதுங்கியது. அளவு நாடாவும் கையுமாக வந்த வாரிய மேற்பார்வையாளருக்கு அது வியப்பாக இருந்தது. ஏன் எல்லோரும் இப்படி வருகிறீர்கள் என்று கேட்டார். மில்லுக்காரர் பக்கத்திலேயே நிற்கும்போது உண்மையைச் சொல்லி அவர் மனதை நோகடிப்பானேன் என்று, எப்பவும் இப்படித்தான் என்று யாரோ சொன்னார்கள். எப்பவுமா என்று கேட்டு அவர் குறித்துக்கொண்டார்.

ஓவியர் விரிசலுக்கு முன்னால் நின்றார். காலிலிருந்து செருப்பைக் கழற்றினார். ஊருக்குள் வந்ததிலிருந்து வாயே திறக்காத மனிதர், ஆறு என்றார். மேடம் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். ஆமாம், ஆறு என்றார். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருப்பது ஒரு சாக்கடை, அதுவும் மழைக்காலத்தில் மட்டும். ஆனால் கேட்பார் யார்.

சுவரின் வயதைக் கேட்டார்கள். மில்லுக்காரர் உள்ளதை உள்ளபடி சொல்கிற மனிதர். "என் மச்சான் கட்டினதும்மா. அஞ்சு வருஷம்தான் ஆச்சு. திங்கக்கிழமை இடிக்கப்போறோம்" என்றார். மேடம் நம்பவில்லை. இடுப்பில் தூக்குக்குண்டு ஆட நின்ற ஆளைப் பார்த்து, நீங்க கொத்தனாரா, நீங்க சொல்லுங்க என்றார்.

குண்டு முழித்தான். அவன் பின்னால், அவனிடம் வீடு கட்டக் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த இருவர் நின்றார்கள். முன்னால், அஞ்சு வருஷத்தில் இந்தக் கதிக்கு வந்த சுவர். அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அக்கா பக்கம் திரும்பாமல், "இது ரொம்பப் பழசுங்க மேடம். எங்க காலத்துக்கெல்லாம் முன்னாடி" என்றான்.

"டேய் மாப்ளே" என்றார் மில்லுக்காரர்.

திங்கட்கிழமை சுவரை இடிக்கவில்லை, வரைந்தார்கள். விரிசல் நெடுக நீலம் தீட்டி ஆறாக்கினார் ஓவியர். அதில் படகு விட்டார், மீன் விட்டார், கரையில் குடத்தோடு பெண்களை நிறுத்தினார். அதில் ஒருத்திக்கு என் முகம். காதை மட்டும் ஏன் அவ்வளவு பெரிதாகப் போட்டார் என்று தெரியவில்லை. இறக்கி வைத்த செங்கல்லைப் பார்வையாளர்கள் உட்கார மேடையாக அடுக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து அது மரபுச் சுவர். இடிக்கக் கூடாது, பூசக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு எங்காவது போய் இருக்கலாமா என்று மில்லுக்காரர் கேட்டார். தாராளமாகப் போகலாம், ஆனால் ஆள் இல்லாத மரபு வீடு வாரியத்துக்குச் சேர்ந்துவிடும், மில்லும் சேர்த்து என்றார் மேற்பார்வையாளர். வீடும் மில்லும் போனால் அந்த மனிதருக்கு இந்த உலகத்தில் மிச்சமிருப்பது மேலே படிந்த மாவுதான். தங்கிவிட்டார்.

மகளை மட்டும் என் வீட்டுக்கு அனுப்பினார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பெண், அவள் மேஜை அந்தச் சுவரோரம்தான் கிடந்தது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னறையில் உட்கார்ந்தாள். பக்கத்தைத் திருப்பவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அத்தே, சுவர் எந்தப் பக்கம் விழும்" என்று கேட்டாள். படி, படி என்றேன். எந்தப் பக்கம் விழுந்தாலும் அவளுக்கு யாரோ ஒருவர் மிஞ்ச மாட்டார்கள், நான் என்ன சொல்வது.

மில்லுக்காரரும் மனைவியும் உள்ளே இருந்து முட்டுக் கொடுத்தார்கள். முதலில் ஒரு மரக்கட்டை. அப்புறம் கட்டில். அப்புறம் பீரோ, அரிசி மூட்டை, மகளின் மேஜை. வீட்டில் இருந்த கனமான சாமான் எல்லாம் சுவரில் சாய்ந்து நின்றது. அவர்கள் தரையில் நடுவாக, பின்வாசலுக்குத் தலை வைத்துப் படுத்தார்கள். என் ஜன்னலிலிருந்து பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று பிடிபட்டது. அவர்கள் உள்ளிருந்து முட்டுக் கொடுக்கக் கொடுக்க, சுவர் என்னைப் பார்த்துச் சாய்ந்துகொண்டிருந்தது. இதை எப்படிப் போய்ச் சொல்வது. உன் உயிருக்காக நீ வைத்த கட்டிலை என் வாசலுக்காக எடு என்றா. நான் என் பூந்தொட்டிகளை மட்டும் ஓசைப்படாமல் பின்பக்கம் மாற்றிக்கொண்டேன்.

விரிசல் அகலமாயிற்று. வாரியத்தில் ஒரே சந்தோஷம், ஆறு பெருகுகிறதாம். ஓவியர் வாராவாரம் வந்து அகலமான இடத்தில் மீன் சேர்த்துவிட்டுப் போனார். மில்லுக்காரர் பயந்துபோய் மோட்டாரை நிறுத்தினார். ஊர் அரிசியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் பஸ் ஏறியது. யாரும் முணுமுணுக்கவில்லை. ஆனால் மேடம் நேரில் வந்துவிட்டார். மோட்டார் ஓடும்போது விரிசல் வழியாக மாவு வெளியே பறக்கும், அது பார்வையாளர்களுக்கு ஆற்றின் நுரையாகத் தெரிந்திருக்கிறது. நுரை எங்கே என்று கேட்டார்கள் போலிருக்கிறது. இனி பார்வையாளர் வரும்போதெல்லாம், அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும், மோட்டாரை ஓட்ட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. மில்லுக்காரர் பழைய மாவையே திரும்பத் திரும்பப் போட்டு ஓட்டினார். அவர் கை சுவிட்சை நெருங்கும்போதெல்லாம் மனைவி டம்ளரைப் பார்ப்பாள், நான் விரிசல் வழியாக அவளைப் பார்ப்பேன், மகள் என்னைப் பார்ப்பாள். யாரும் மூச்சு விடுவதில்லை. மோட்டார் நின்ற பிறகும் டம்ளரில் தண்ணீர் நெடுநேரம் நடுங்கிக்கொண்டே இருந்தது. அவள் ஓடவில்லை. ஓடினால் ஆள் இல்லாத வீடாகிவிடுமே.

மில்லுக்காரர் மனைவி ஒரு நாள் தம்பியைக் கூப்பிட்டு, சத்தம் போடாமல் கேட்டாள். "நீ கட்டின சமாதியிலேயே எங்களப் பொதைக்கப் போறியாடா?" என்றாள். மறுநாள், ஊர் சாப்பிட்டுக் கண் அசந்த மத்தியான நேரத்தில், குண்டு சட்டியில் சிமெண்ட் குழைத்துக்கொண்டு வந்து, படகு கிடந்த இடத்திலிருந்து நான் குடத்தோடு நின்ற இடம் வரைக்கும் விரிசலை அடைத்தான். முதல் தடவையாக அவன் வேலையில் மணலைவிடச் சிமெண்ட் அதிகம் இருந்தது.

மாலைக்குள் வேன் வந்தது. சுவருக்கு முன்னாலேயே விசாரணை வைத்தார்கள். மில்லுக்காரர் குடும்பத்தையும் குண்டையும் சுவர் ஓரமாக நிற்க வைத்து, வாரியத்தார் எங்கள் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். குற்றம் என்னவென்றால் ஆற்றை ஆக்கிரமித்தது. மேடத்தின் குரலில் தேன் குறையவில்லை, கண் மட்டும் கலங்கியிருந்தது.

"ஒரு ஆத்த மூடறதுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு? நிஜ ஆறெல்லாம் எங்க துறைக்குள்ள வராது. அதுங்களுக்கு என்ன ஆனாலும் நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. வரைஞ்ச ஆறுதான் எங்க கையில இருக்கு. இதையாவது எங்களக் காப்பாத்த விடுங்க."

மில்லுக்காரர் கும்பிட்ட கையை எடுக்கவே இல்லை. இருந்த இடத்திலிருந்து மேலே மேலே பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்றுக்கு அவர் பயப்படவில்லை, தலைக்கு மேல் இருந்த சுவருக்குத்தான். அப்போது குண்டு ஒரு அடி முன்னால் வந்தான். இடுப்பிலிருந்த தூக்குக்குண்டைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தான்.

"மேடம், நான் பொய் சொல்லிட்டேன். இந்தச் சுவரை நான்தான் கட்டுனேன். அஞ்சு வருஷம்தான் ஆச்சு. உள்ள ஒரு கம்பி கெடையாது. முக்காவாசி மணல். இது ஆறும் இல்ல, மரபும் இல்ல, எனக்கு வேலை தெரியாததுனால வந்த வெடிப்பு."

ஊருக்கே தெரிந்த விஷயம்தான். ஆனாலும் ஒரு கொத்தனார் தன் வாயால் நடுத்தெருவில் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. வீடு கட்டக் கொடுக்க யோசித்த அந்த இருவரும் மெல்ல நழுவினார்கள். மேடம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"பாத்தீங்களா," என்றார் உடன் வந்தவர்களைப் பார்த்து. "மக்கள் இந்தச் சுவரை எவ்வளவு சொந்தமா நினைக்கிறாங்க. தன் கையாலயே கட்டுனதா நம்புறாங்க. இதத்தானே நாம தேடி வந்தோம்."

குண்டுக்கு மரபுச் சுவர்க் காவலர் என்று பதவி கொடுத்துத் தலையில் ஒரு தொப்பி வைத்தார்கள். மில்லுக்காரர் குடும்பத்தை மன்னித்தார்கள். அப்புறம் உளியும் சுத்தியலும் வரவழைத்து, அடைத்த சிமெண்டைக் கொத்தி எடுக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு அடிக்கும் சுவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகுகிற மாதிரி சத்தம் வந்தது. நாங்கள் என் வீட்டுச் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றோம். கொத்தி முடித்தபோது கை நுழைகிற ஓட்டை. அது வழியாக உள்ளே முட்டுக் கொடுத்த கட்டிலின் கால் தெரிந்தது, அதற்குப் பக்கத்தில் அந்தத் தண்ணீர் டம்ளர் தெரிந்தது. ஓவியர் கட்டிலின் காலையும் பார்த்து, படகுத்துறை என்றார்.

சிறந்த மரபு ஊருக்கு ஒரு பரிசு உண்டாம், அதற்கான தேர்வுக் குழு வருகிறது என்றார்கள். எங்களுக்கு ஒத்திகை. நாங்கள் என் வீட்டுப் பக்கமாக ஒதுங்கி நடப்பதை ஒருபக்க நடை என்று வாரியம் முன்னமே பதிந்து வைத்திருந்தது. ஆற்றுக்கு மரியாதை செய்வதற்காக முன்னோர்கள் ஏற்படுத்திய நடையாம் அது. மேற்பார்வையாளர் தாளம் போட்டு, எங்களைத் தோளோடு தோள் உரசி நடக்கப் பழக்கினார். முகத்தில் ஒரு பயபக்தி தானாகவே இருக்கிறது, அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று பாராட்டினார். பக்தி எங்கிருந்து வந்ததோ தெரியாது.

குழு வந்த நாளில் தெரு பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. குழுவில் மூன்று நான்கு பேர், எல்லோருக்கும் தலைவராக நரைத்த தாடிக்காரர் ஒருவர். எங்கள் நடையைப் பார்த்து அவருக்கு ஆசை வந்துவிட்டது. நாங்களும் சேர்ந்து நடக்கலாமா என்று கேட்டார். மேடம் பூரித்துப்போனார். வாரியமும் குழுவும் எங்களோடு சேர்ந்து என் வீட்டுச் சுவரை உரசிக்கொண்டு வரிசையாக நின்றது. தாடிக்காரரின் முழங்கை என் விலாவில். அடுத்தது நுரை. அதற்கு மோட்டார் ஓட வேண்டும்.

மில்லுக்காரர் அந்த ஓட்டைக்கு உள்பக்கமிருந்து முகத்தைக் காட்டினார். மாவு படிந்து பேயறைந்த மாதிரி இருந்தது அந்த முகம். "மேடம், இன்னிக்கு வேண்டாம் மேடம். டம்ளர் காலைல இருந்து ஆடிக்கிட்டே இருக்கு. விழுந்துடும்" என்றார்.

"இவ்வளவு நாள் விழலையே" என்றார் மேடம் அன்பாக. "அதுதாங்க பாரம்பரியம். போடுங்க."

அவர் உள்ளே திரும்பி மனைவியைப் பார்த்ததை நான் ஓட்டை வழியாகப் பார்த்தேன். அவள் அடுப்பை அணைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலை இரண்டு கையாலும் பிடித்தாள், அவள் பிடித்துத்தான் நிற்கப்போகிற மாதிரி. என் பக்கத்தில் நின்ற மகள் அம்மா என்றாள், ஆனால் சத்தம் வரவில்லை. மில்லுக்காரர் சுவிட்சைப் போட்டார்.

நுரை வந்தது. தாடிக்காரர் ஆகா என்றார். அந்த ஆகா முடிவதற்குள் ஆற்றின் நடுவில் படகு இரண்டாகப் பிளந்தது. குடத்தோடு நின்ற நான் முகத்தோடு கீழே போனேன். பிறகு மொத்தச் சுவரும், உள்ளிருந்து கட்டிலும் பீரோவும் மூட்டையும் தள்ளிய தள்ளலில், எங்களைப் பார்த்துக் கும்பிடு போடுகிற மாதிரி மெதுவாகக் குனிந்து விழுந்தது. கண்ணை மூடினேன். காது மட்டும் வேலை செய்தது. கடைசிக் கல் ஒன்று உருண்டு உருண்டு வருவது கேட்டது. கண்ணைத் திறந்தபோது அது தாடிக்காரரின் செருப்பைத் தொட்டு நின்றிருந்தது. தெருவின் அந்தப் பாதியில் ஆள் இல்லை, இந்தப் பாதியில் அடிபட்டவர் இல்லை.

தூசி அடங்கியது. சுவர் இருந்த இடத்தில் வீடு திறந்து கிடந்தது. கவிழ்ந்த கட்டிலைப் பிடித்தபடி அவள். சுவிட்சில் கை வைத்தபடி அவர். இருவரும் வெள்ளை வெளேரென்று மாவுக்குள் நின்றார்கள். உயிரோடு இருக்கிறோமா என்று அவர்களுக்கே இன்னும் தெரியவில்லை. மகள் இடிபாடுகள் மேல் ஏறி ஓடினாள். ஓடிப்போய் அம்மாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

தாடிக்காரர் கை தட்டினார். முதலில் அவர், பிறகு குழு, பிறகு வாரியம். அவருக்குக் கண்ணீர் வழிந்தது. மரபு நம் கண் முன்னால் சரிய, அதற்குள் இருந்து மனிதர்கள் வெளிப்படுகிறார்கள், இப்படி ஒரு முடிவைத் தான் எங்கேயும் பார்த்ததில்லை என்றார். மேடத்தின் முகமும் கொஞ்ச நேரம் பேயறைந்த மாதிரிதான் இருந்தது. அந்தக் கைதட்டலில் தெளிந்துவிட்டது. முடிவு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் சுவாரசியம் இருக்காது என்று நினைத்தோம் என்றார்.

பரிசு கிடைத்தது. கிடைத்த வாரமே மேடம் வந்து, சுவரை மறுபடி கட்ட வேண்டும் என்று அறிவித்தார். மில்லுக்காரர் மனைவி கழுத்தை நேராக்கிச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனால் மேடம் இன்னும் பேசி முடிக்கவில்லை. அதே சுவர், அதே கொத்தனார், அதே மணல். இனி இது வருஷா வருஷம் விழாவாம், அடுத்த வருஷம் அந்த விழாவில் இதே மாதிரி விழ வேண்டும். ஒரு சின்னத் திருத்தம் மட்டும்தான். இந்தத் தடவை விருந்தினர்கள் மேல் ரொம்பத் தூசி படிந்துவிட்டது. அதனால் அடுத்த தடவை உள்பக்கமாக விழட்டும்.

"மேடம், உள்ள நாங்க இருப்போமே" என்றார் மில்லுக்காரர்.

"கட்டாயம் இருக்கணும்" என்றார் மேடம். "நீங்க இல்லன்னா அது வெறும் இடிபாடு."

மேற்பார்வையாளரை நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டுப் போனார். குண்டு வேலையைத் தொடங்கினான். பார்வையாளர் மேடையாகக் கிடந்த செங்கல்லை எடுத்துக்கொண்டான். பள்ளம் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினான். மணல் குவியல் குறையவே இல்லை, சிமெண்ட் மூட்டைதான் காலியாகிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு நாள் கம்பிக் கட்டு வந்து இறங்கியது. மேற்பார்வையாளர் எழுந்து வந்து, போன தடவை கம்பி போடவில்லை என்றாயே என்று கேட்டார். குண்டு முகத்தில் சலனமே இல்லாமல், "கம்பி இல்லன்னா உதிரிஉதிரியா விழும் சார். கம்பி போட்டாத்தான் ஒரே பாளமா, அழகா விழும்" என்றான். அழகாக விழ வேண்டும் என்பதில் வாரியம் கண்டிப்பாக இருந்தது. போடு என்றார்.

அப்புறம் ஒரு காலையில் நான் ஜன்னலோரம் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, குண்டு இடுப்பிலிருந்து அந்தத் தூக்குக்குண்டை அவிழ்த்தான். மேலே ஏறி, நூலைச் சுவரோடு தொங்கவிட்டான். கீழே அவன் அக்கா, ஆடாமல் இருக்க ஒரு விரலால் அதைத் தொட்டுப் பிடித்தாள். இருவரும் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உள்பக்கம் சாயுதா?" என்று கேட்டார் மேற்பார்வையாளர், நாற்காலியில் இருந்தபடியே.

குண்டு அக்காவைப் பார்த்தான். "சாயுது சார்" என்றான்.

நான் என் ஜன்னல் சட்டத்தோடு ஒத்துப் பார்த்தேன். நூலும் சுவரும் மேலிருந்து கீழ்வரை இம்மியும் விலகாமல் நேராக நின்றன. எங்கள் ஊரில் அப்படி நிற்கும் சுவர் அது ஒன்றுதான். காபி ஆறிப்போனது. இந்த விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே ஊருக்கெல்லாம் எப்படித் தெரிந்ததோ, எனக்குத் தெரியாது.

ஓவியர் வந்து அந்தச் சுவரில் கறுப்பு மையால் விரிசல் வரைந்தார், அதன் மேல் நீலம் தீட்டினார். என் காது போன தடவையைவிடப் பெரிது. மகள் வீட்டுக்குப் போய்விட்டாள், மேஜை அதே சுவரோரம்தான். மோட்டார் நாள் முழுக்க ஓடுகிறது. மில்லுக்காரர் மனைவி டம்ளரை எடுக்கவில்லை, ஆனால் இப்போதெல்லாம் அதைப் பார்ப்பதில்லை. தெருமுனையில் வேன் சத்தம் கேட்கிறதா என்றுதான் பார்க்கிறாள். விழா வருகிறது. தாடிக்காரர் இந்தத் தடவை இன்னும் பெரிய மனிதர்களை அழைத்துக்கொண்டு வருகிறாராம். மோட்டாரைப் போடச் சொல்வார்கள், நுரை வரும், எல்லோரும் காத்துக்கொண்டு நிற்பார்கள். சுவரும் நின்றுகொண்டிருக்கும். அப்புறம் சுவர் ஏன் விழவில்லை என்று வாரியம் கேட்கும்.

நாங்கள் இன்றைக்கும் என் வீட்டுப் பக்கமாகவே ஒதுங்கி நடக்கிறோம். அந்தப் பக்கம் ஒரு ஆள் தைரியமாகக் கால் வைத்துவிட்டால் போதும், மேற்பார்வையாளருக்குச் சந்தேகம் வந்துவிடும். அதனால் பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கித்தான் தள்ளுகிறார், தும்மல் வந்தவர்கள் தெருமுனைக்குத்தான் ஓடுகிறார்கள். ஒத்திகையில் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மேற்பார்வையாளர் போன வருஷத்தைவிட நன்றாக இருக்கிறது என்றார். உண்மைதான். போன வருஷம் நாங்கள் ஒரு சுவருக்குத்தானே பயந்துகொண்டிருந்தோம்.